மிஸ்ஸுக்கு ஊத்தின தேத்தண்ணி

சீனிப் போத்தல் நிறையச் சீனி இருந்தது. சிவலட்சுமி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காலையில் ஊற்றி வடித்த தேயிலைச் சக்கையிலேயே திரும்பவும் சுடுதண்ணியை விட்டு, இருந்ததில் நல்ல கோப்பையாய்ப் பார்த்து நிரப்பினாள்.

கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவராவது இதுவரை ஒரு மிடறு குடித்ததில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்," எல்லாருக்கும் ஒரே பாட்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்த சனத்தின் கையால் வாங்கிக் குடித்தால் வாய் வெந்துவிடுமாக்கும்! கடைசியில் வாழையடியில் ஊற்றுகிற தேத்தண்ணிக்கு நல்ல தேயிலை எதற்கு?

இன்று வந்திருப்பது கஜேந்தினி மிஸ். பெண்கள் சங்கம் தொடங்கப்போகிற குரக்கன் மாவில் பலகாரம் செய்யும் கூடத்துக்குப் பொறுப்பாளரைத் தெரிவுசெய்ய வந்தவள். ஆறு மாதப் பயிற்சியில் சிவலட்சுமிதான் முதலாவது ஆள். ஆனாலும் கூடத்தில் சங்கம் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தது சட்டி கழுவுகிற வேலை. பொறுப்பாளர் வேலை கிடைத்தால் இனிப் பிறத்தியார் வயலில் கூலிக்கு நிற்கத் தேவையில்லை.

குசினியை மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுக் கஜேந்தினி வந்து கதிரையில் இருந்தாள்.

"அக்கா, நீங்கள் முந்தி எந்தத் தோட்டம்?"

விசாரணை தொடங்கிவிட்டது! சிவலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் அம்மா காலத்துக் கதை, மிஸ். தேத்தண்ணி குடிங்கோ."

வேண்டுமென்றேதான் நீட்டினாள். கஜேந்தினி வாங்கினாள். குடித்தாள். ஒரு மிடறு இல்லை, கடைசிச் சொட்டு வரைக்கும்.

சிவலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, நானும் ஒரு மனிசியா? வாங்கிக் குடித்த ஒரே ஆளுக்குச் சக்கைத் தண்ணியைக் கொடுத்தேனே!

"மிஸ், கோவிக்காதேங்கோ. வேற போட்டுத் தாறன்."

"வேண்டாம் அக்கா." கஜேந்தினி படிவத்தில் கையெழுத்து வைத்தாள். "கூடத்துக்குப் பொறுப்பு இனி நீங்கள்தான்."

சந்தோசப்படக்கூட முடியவில்லை. சிவலட்சுமி தலையை நிமிர்த்தாமலே நின்றாள்.

"இல்லை மிஸ், அந்தத் தேத்தண்ணி..."

"தெரியும் அக்கா. ஒப்பீஸ்காரர் வந்தா எங்கட அம்மாவும் சக்கையிலதான் ஊத்துறவா."