தரங்கம்பாடியை வரைந்தவர்

படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிட்னி ஹோம்புஷ் அரங்கின் வாசலிலேயே வாசுதேவன் அப்படியே நின்றுவிட்டார்.

படத்தில் இருந்தவர் ஹோல்கர் வீபெக். கடற்கரைகளையே வரைந்து பேர் வாங்கிய ஜெர்மன் ஓவியர், இப்போது சிட்னிவாசி. அவர் தரங்கம்பாடிக் கரையை வரைந்ததற்காகத் தமிழ்ச் சங்கம் இன்று பாராட்டு விழா வைத்திருந்தது.

“எப்போ ஆச்சு முரளி?”

“தெரியல சார். நானும் உள்ள வந்து பார்த்தப்பதான்...” சங்கத் தொண்டன் முரளிதரன் உச்சுக்கொட்டினான். “நல்ல மனுஷன்.”

வாசுதேவனுக்கு வருத்தத்தை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது. இத்தனை வருஷம் சங்கத்தில் நாற்காலி அடுக்கியவருக்கு இன்றுதான் முதன்முதலாக மைக் கிடைத்திருந்தது. தலைவர் கல்யாணசுந்தரம் ஊரில் இல்லை. இன்று சொதப்பினால் மறுபடி நாற்காலிதான்.

வரவேற்புரையை ஒரு வாரமாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தார். ‘நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும்’ என்று முடியும் பேச்சு. அதை இனி யாரிடம் சொல்வது?

“ஒரு மெசேஜ் போட ஒருத்தருக்கும் கை வரலையா?” என்று பல்லைக் கடித்தார். சமையலறையிலிருந்து நெய் வாசனை வந்தது. “அது என்ன?”

“கேசரி சார்.”

“இரங்கல் கூட்டத்துக்குக் கேசரியா? விளங்கிடும்!”

மைக் முதலில் கீச்சிட்டது, பிறகு செத்தது. யாரோ வயரை ஆட்டினார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட உதவாமல், வாசுதேவன் வாய்க்கு வந்ததைப் பேசினார்.

“அவர் வரைந்த கரைகள் இருக்கின்றன. அலைகள் இருக்கின்றன. வரைந்த கைதான் இல்லை.”

அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பரவாயில்லை, தேறிவிட்டோம் என்று நினைத்த அந்த நொடியில், கார் நிறுத்துமிடத்திலிருந்து நாகலட்சுமி மேடையோரமாக ஓடிவந்தாள். மேடை அலங்காரம் அவள் பொறுப்பு.

“வாசுண்ணா, அந்த மாலை வேணும்.”

“எதுக்கு?”

“போடத்தான்.”

“அதான் போட்டிருக்கே!”

“ஐயோ, அது வைக்க இடமில்லாம நான்...”

“பேசிட்டிருக்கேன்ல? போய் உட்காரும்மா!” மைக் இப்போது நன்றாகவே வேலை செய்தது. அவள் முகம் செத்துப்போய் நின்றாள்.

இவர்களை வைத்துக்கொண்டு ஒரு காரியம் உருப்படியாக நடக்காது. வாசுதேவன் பெருமூச்சு விட்டுச் சபையைப் பார்த்தார். “எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

நாற்காலிகள் கடகடத்தன. பிறகு அமைதி. வாசுதேவன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது. இப்போதுதானா வருவார்கள், கூட்டத்துக்கு ஒரு நேரம் காலம் கிடையாதா?

கண்ணைத் திறந்தபோது, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தலை குனிந்து நின்றிருந்தார். தொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்தார். செருப்பில் ஈர மணல், நகங்களில் நீலச் சாயம். அந்த நீண்ட மூக்கை வாசுதேவன் எங்கோ பார்த்திருந்தார்.

மெல்லத் திரும்பி, மாலைக்கு நடுவே தெரிந்த முகத்தைப் பார்த்தார். மறுபடி கிழவரைப் பார்த்தார்.

கிழவர் அவர் காதோரம் குனிந்து, துக்கம் தோய்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்:

“அலை இறங்கட்டும்னு வரைஞ்சிட்டே நின்னுட்டேன், மன்னிக்கணும். பாவம், யாரு இறந்தது?”