குதிரைமலைப் பட்டறை

போர்நிறுத்தக் காலத்து வெயிலில் குதிரைமலையின் செம்மண் தகிக்கிறது. கண்ணிவெடிக்குப் பயந்து, வழிகாட்டி றவூபின் காலடித் தடத்திலேயே மிதித்து வந்த பெரியமடுக் கிராமத்துப் பெண்கள் உச்சியில் மூச்சு வாங்குகிறார்கள். கீழே கடல் பாறையை அறைகிறது. எழுத்துப் பட்டறை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த ஜெரோம் அவர்களில் ஒருத்தியான செல்லாயியிடம் தாளை நீட்டுகிறான். "மலை ஏறின சந்தோஷத்தை எழுதுங்கோ, அக்கா." அவள் தொடவில்லை. "தேயிலை மலையில நாங்க குடியிருந்த லயத்தைக் கொளுத்தி எங்களை விரட்டினாங்க. அந்தச் சந்தோஷத்தையும் எழுதவா?" "பழசை விடுங்கோ. கடலைப் பாருங்கோ." அவள் அவனையே முறைக்கிறாள். விரல்கள் மட்டும் பக்கத்துப் புதரில் கொழுந்து கிள்ளி, கூடை தொங்காத முதுகுக்குப் பின்னால் வீசுகின்றன; மறுபடி கிள்ளுகின்றன. ஜெரோமின் முகம் மலர்கிறது. "ஆ, இதுதான்! இதை எழுதுங்கோ!" கை நின்றுவிடுகிறது. திருடனைக் கண்டவள்போல, செல்லாயி அதைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி ஒளித்துக்கொள்கிறாள்.