பாதியில் நின்ற குரல்

"மாமியார் இந்தத் தடவையும் கடைசி வரைக்கும் கத்திட்டாங்க, சார். நடுவுல மூச்சு விடக்கூட நிறுத்தல" என்றாள் இளம் பொறியாளர், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி.

மூத்த பொறியாளரின் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. "மறுபடி ஓட்டும்மா" என்றார்.

ஜன்னல் இல்லாத ஆய்வகம். மேஜை மேல் ஓர் உலோகப் பெட்டி, அதிலிருந்து குடல் சரிந்ததுபோல ஒயர்கள். போர் விமானம் ஆபத்தான வகையில் தரையை நெருங்கினால் 'மேலே தூக்கு, மேலே தூக்கு' என்று பெண் குரலில் எச்சரிப்பது அந்தப் பெட்டியின் வேலை. சொன்னதையே சொல்லி நச்சரிப்பதால் விமானிகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே ஓடும் புரோகிராமை எழுதியவர் மூத்த பொறியாளர்தான்.

போன வாரம் பயிற்சிக்குக் கிளம்பிய விமானம் ஒன்று மலைச்சரிவில் மோதி நொறுங்கியது. விமானி பிழைக்கவில்லை. மீட்டெடுத்த ஒலிப்பதிவில் மாமியாரின் குரல் கேட்கிறது. ஆனால் பாதியில் நின்றுபோகிறது. பிறகு இன்ஜினின் இரைச்சல் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

குரல் ஏன் நின்றது? பெட்டி தானாக ஊமையாகியிருந்தால் பழி புரோகிராம் எழுதியவருக்கு. விமானியே பொத்தானை அழுத்தி அடக்கியிருந்தால் பழி செத்தவனுக்கு. அந்தக் கடைசிப் பறப்பின் உயரத்தையும் வேகத்தையும் அதே ரகப் பெட்டி ஒன்றுக்கு ஊட்டி, காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சூடாக்கிப் பார்த்தாச்சு, குளிர வெச்சுப் பார்த்தாச்சு, கரன்ட்டை ஏத்தி இறக்கியும் பார்த்தாச்சு. பெட்டி எதுக்கும் அசையல சார். வேற யாரா இருந்தாலும் இந்நேரம் தலை தப்பிச்சுதுன்னு துள்ளிக் குதிச்சிருப்பாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "நேரக் கணக்குல எங்கயோ நான் கோட்டை விட்டிருக்கேன். ரெண்டு வேலை ஒரே சமயத்துல வந்து ஒண்ணை ஒண்ணு மறிச்சிருக்கும். அந்த மாதிரி தப்பு அத்தி பூத்தாப்புல ஒரு தடவைதான் தலைகாட்டும். நாமதான் விடாம ஓட்டிப் பார்க்கணும்."

குற்றவாளி தன்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவதுபோல் இருந்தது அந்தப் பேச்சு.

"உங்களை இந்த ரூமுக்குள்ளயே விட்டிருக்கக் கூடாது, சார்."

"எனக்குத் தெரிஞ்ச அளவு இந்தப் பெட்டியைத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கான்? செத்தவன் தலையில கட்டறது சுலபம்மா. அவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்ல. ஓட்டு."

அவள் ஓட்டுவதற்குள் கதவு திறந்தது. விமானப்படைச் சீருடையில் விசாரணை அதிகாரி. மேஜையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மூத்த பொறியாளரை மட்டும் பார்க்கவில்லை.

"கருகிப்போன பதிவுக் கருவியிலேர்ந்து மிச்சத்தையும் எடுத்துட்டாங்க. விமானத்தை ஓட்டற கைப்பிடி எப்படி அசைஞ்சுது, அதுல எந்தப் பொத்தானை அழுத்தினார், எல்லாம் இதுல இருக்கு" என்று அவளிடம் ஒரு பென் டிரைவை நீட்டினார். பிறகு தணிந்த குரலில், "நீங்க கொஞ்சம் வெளிய உட்காரலாமே, சார்" என்றார்.

"இருக்கேன்."

புதிய தகவலையும் சேர்த்து அவள் ஓட்டினாள். இம்முறை ஹெட்போன் இல்லை, ஒலிபெருக்கியிலேயே வந்தது. மேலே தூக்கு. மேலே தூக்கு. மேலே...

நின்றுவிட்டது. ஒலிப்பதிவில் நின்ற அதே இடத்தில். பெட்டியைக் குளிர்விக்கும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பொத்தான்ல தவறிக் கை பட்டிருக்குமோ?" அதிகாரியே ஒரு வழி திறந்து கொடுத்தார்.

"ஒரு தடவை பட்டா அடங்காது. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தணும்." என்றார் மூத்த பொறியாளர். "தாழப் பறக்கறப்போ காதைத் துளைக்குதுன்னு விமானிங்க கேட்டதால பொத்தான் வெச்சேன். தெரியாம யாரும் அடக்கிடக் கூடாதுன்னு ரெண்டு தடவை ஆக்கினேன்."

"அப்புறமாவது விமானத்தை மேலே தூக்கக் கைப்பிடியை இழுத்தாரா?"

திரையில் கைப்பிடியின் அசைவைக் காட்டும் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. "இல்ல. இழுக்கவே இல்ல" என்றார் மூத்த பொறியாளர்.

"மயக்கம் போட்டிருக்கலாம், சார்" என்றாள் அவள் அவசரமாக.

"மயங்கினவன் கை துவண்டு போயிருக்கும். இந்தக் கை அவ்வளவு நிதானமாப் பிடிச்சிருக்கு. மலையைப் பார்த்து, நேரா."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"விமானியின் கவனக்குறைவுன்னு எழுதறேன். அதுக்கு மேல எழுத எனக்குக் கை வராது. அறிக்கை எங்க ஆபீஸைத் தாண்டிப் போகாது." வாசல்வரை போய்த் திரும்பினார். "உங்க புரோகிராம்ல ஒரு குறையும் இல்ல, சார்." துக்கம் விசாரிக்கிறவரின் குரலில் அதைச் சொன்னார்.

மூத்த பொறியாளர் நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"சோதனை முடிஞ்சுதா? யார் மேல தப்பாம்?"

"என் மேலதான். பெட்டி பாதியில ஊமையாயிடுச்சு. நான் எழுதினதுல தப்பு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ என்னை மன்னிக்க வேண்டாம்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கடைசி நிமிஷம் வரைக்கும் நம்ம பையன் வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்கான்."