நூலாக விழும் தண்ணீர்

மந்தைவெளி ஃபிளாட்டில், குளியலறை ஜன்னலுக்கு வெளியே பால்கனிச் சுவரில் வெந்நீருக்கான புத்தம்புது கேஸ் ஹீட்டர் தொங்குகிறது. தலையில் நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஸ்ரீரங்கன் குளியலறை வாசலில் நிற்கிறார். மெக்கானிக் ஏகாம்பரம் குழாயை முழுசாகத் திறக்கிறார். ஹீட்டருக்குள் ‘குப்’பென்று நீலச் சுடர் எழுகிறது. ஸ்ரீரங்கன் முகத்திலும் வெளிச்சம். அதற்குள் மனைவி சாருலதாவின் கை பாய்ந்து வந்து குழாயைத் திருக, தண்ணீர் நூலாக இளைக்கிறது. சுடர் அணைகிறது. “இன்னாம்மா, இத்துனூண்டு வுட்டா எப்டி புடிக்கும்? தண்ணி வேகமா ஓடினாத்தான் எரியும்.” “ஓடட்டுமே, நானா வேண்டாங்கறேன்? வாளி ரொம்பி வழியறதே!” ஏகாம்பரம் மறுபடி திறக்கிறார், மறுபடி குப், மறுபடி அந்தக் கை. தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகிய கை, அவள் சொன்னாலும் கேட்காது. “சாரு, எண்ணெய் கண்ணுல எறங்கறதுடி!” வேறு வழியில்லாமல் அண்டா, குடம், இட்லிப் பானை, பூஜைச் செம்புவரை வரிசையாக வந்து உட்காருகின்றன. ஒன்று நிறைந்தால் அடுத்தது நகர்கிறது. குழாய் முழுசாகக் கொட்ட, சுடர் நின்று எரிகிறது. ஆவி கிளம்புகிறது. “பாத்தியாம்மா? பயப்படாம தொறந்து வுடணும், அவ்ளோதான்” என்று சொல்லிக்கொண்டே, ஏகாம்பரம் கிரீஸ் கையில் சோப்பைத் தேய்க்கிறார். தேய்த்தபடியே, தன்னையறியாமல், புறங்கையால் குழாயை நூலாக்குகிறார். சுடர் அணைகிறது. மூவரும் குழாயைப் பார்க்கிறார்கள். சாருலதா மெதுவாகக் கேட்கிறாள்: “ஏம்ப்பா, உங்க தெருவுலயும் லாரிதானா?”