கேமரா சாட்சி

சாப்பாட்டு மேசை மேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் அன்செல்ம். ஏப்ரல் இரண்டாவது வாரம், ஐந்து நாள், தன்னந்தனியாகக் காரில் தெற்கே ஒரு சுற்று. மில்லோ, ஆல்பி, பெசனாஸ், உசெஸ் என்று நாலு ஊர். வளைந்த ரோடு என்றாலே குமட்டல் வரும் என்பதால் மனைவி சொலாஞ்ஜ் வரவில்லை.

"ஆல்பிக்கு நேர் ரோடு இருக்கே. எதுக்கு இப்படிச் சுத்திட்டுப் போறீங்க?"

"பூவெல்லாம் இந்தப் பக்கம்தான்."

"முப்பது வருஷத்துல எனக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப பூ பாக்க ஊரைச் சுத்துறாராம்" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர்விட்டான் தண்டுகளைச் சீவப் போய்விட்டாள்.

அந்த ரோட்டில் பூ இருந்ததோ இல்லையோ, வேகமாகப் போகிற காரைப் படம் பிடிக்கும் கேமரா இருந்தது. அன்செல்ம் சிவப்புப் புள்ளி வைத்ததெல்லாம் அந்த இடங்களில்தான். ஊரில் மற்றவர்களும் அப்படிக் குறித்து வைப்பார்கள், அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக மெதுவாகப் போவதற்கு. அன்செல்ம் குறித்தது அங்கே மட்டும் பறப்பதற்கு.

பறக்கப்போவது கார்தான், அவர் இல்லை. பள்ளிக்கூடத்து நண்பன் ஃபிர்மனுக்கு அதே தொப்பை, அதே மீசை. அன்செல்மின் தொப்பியை மாட்டிக்கொண்டு அவன் ஓட்டுவான். விடுதியில் தங்கினால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள், எனவே தூக்கமும் காரில்தான். அன்செல்மோ உள்ளூரிலேயே ஃபிர்மனின் அறையில் ஒளிந்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அன்செல்ம் வேலை பார்க்கும் பழம்பொருள் கடையைப் பூட்டிக்கொண்டு முதலாளி துப்ரா சாப்பிடப் போவார். வானமே இடிந்து விழுந்தாலும் இரண்டு மணிக்கு முன் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில் அன்செல்ம் பின்கதவைத் திறந்து, தந்தத்தில் செதுக்கிய அறுநூறு வருடத்து மாதா சிலையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் அதே மாதிரி ஒரு சுண்ணாம்புப் பொம்மையை வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தச் சிலைக்குத் தூசி தட்டியவரை முதலாளி ஒருநாள்கூட 'உட்கார்' என்று சொன்னதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இருந்தது.

பின்கதவுப் பூட்டு திறந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும் வகை. அதற்குச் சாவி இருப்பதும் முதலாளி, அன்செல்ம் இரண்டே பேரிடம். மாட்டினால் ஜெயில்தான் என்பது அன்செல்முக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார் என்று அரசாங்கத்தின் கேமராவே சத்தியம் செய்யும்போது, யாரால் என்ன செய்ய முடியும்?

எல்லாம் சொல்லி வைத்தது போல் நடந்தது. முதலாளி அந்தப் பொம்மையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். மூன்று வாரம் கழித்து, வாங்க வந்த ஒருவர் நகத்தால் சுரண்டியபோதுதான் குட்டு உடைந்தது.

மறுநாளே இன்ஸ்பெக்டர் காஸ்னாவ் வீடு தேடி வந்தார்.

"ஏப்ரல் பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒண்ணே கால். கடைப் பின்கதவு திறந்தது அப்பத்தான். எங்க இருந்தீங்க?"

"பெசனாஸ் பக்கம். என் வார்த்தை எதுக்கு சார், உங்க கேமராவைக் கேளுங்க. கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். மூணு ஊர்ல படம் புடிச்சிருச்சு."

"உங்க காருக்கு மூணு படம் இருக்கு, ஒண்ணு அதே ஒண்ணே காலுக்கு. ஆனா ஓட்டினது நீங்கன்னு இல்லையே."

சமையலறை வாசலில் சொலாஞ்ஜ் முகம் வெளுத்துப் போய் நின்றாள். "ஓட்டினது என் அத்தை ஒர்தான்ஸ்தான் சார். நான் எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல."

"எந்த அத்தை? என்ன உளர்றே?" என்றார் அன்செல்ம்.

அவரை ஓரமாக இழுத்துக் காதில் சீறினாள். "படத்துக்கு ஒரு பாயிண்ட் வெட்டுவாங்க, உங்க லைசென்ஸ்ல மிச்சம் இருந்ததே மூணு. மூணு படத்துக்கு மூணும் போச்சுன்னா லைசென்சே போச்சு. அத்தை முதியோர் இல்லத்துல படுத்திருக்கு, பன்னெண்டு பாயிண்டும் அப்படியே கெடக்கு. இந்த நாட்டுல எந்த வீட்லதான் கெழவி பேரை எழுதல? ஓட்டினது யாருன்னு கேட்டுத் தபால் வந்த அன்னிக்கே எழுதிப் போட்டுட்டேன். இப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க."

அன்செல்ம் அவள் கையை உதறினார். இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். "சார், இவ பொய் சொல்றா. குத்தம் என்னுதுதான். நான்தான் ஓட்டினேன், எவ்வளவு அபராதம் வேணாலும் போடுங்க."

"பதறாதீங்க. அத்தை ஓட்டினாங்கன்னு நானும் நம்பல. எனக்கும் எண்பத்தாறு வயசுல ஒரு மாமியார் இருக்காங்க. காகிதத்துல பாத்தா நாடு பூராவும் காரோட்டுறாங்க."

அன்செல்முக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரை உட்காரச் சொல்லி, காப்பியும் கொண்டு வரச் சொன்னார்.

"ஆனா உங்க வீட்டம்மா ரொம்பக் கெட்டிக்காரங்க. அத்தை பேரை மட்டும் எழுதினா நம்ப மாட்டாங்கன்னு, கூடவே ஒரு கடிதமும் வெச்சிருக்காங்க" என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளை மேசைமேல் பிரித்து வைத்தார்.

'ஏப்ரல் பதினான்காம் தேதி மதியம் ஒன்றே கால் மணிக்கு என் கணவர் அந்தக் காரில் இல்லை, திரு. துப்ராவின் கடைக்குள் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பின்கதவைத் திறந்து என்னிடம் சாப்பாடு வாங்கிக்கொண்டதும் அவரே' என்று முத்து முத்தாக எழுதி, சொலாஞ்ஜ் அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.