எதற்குச் சேர்த்தோம்?

“இன்னாம்மா இது? இதுக்குப் பேரு மெசேஜா? யாரு இப்படி எழுதச் சொன்னது?”

சகாதேவன் போட்ட சத்தத்தில் அந்த வேங்கிக்கால் சாஃப்ட்வேர் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

ஆர்த்தி அசரவில்லை. “நீங்கதான் சார். தனியா எழுதின கோடிங்கை மெயின் புரோகிராம்ல சேர்க்கறப்போ, மெசேஜ்ல வெறும் ‘மெர்ஜ்’னு போட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு போன வாரம் கத்துனீங்க. எதுக்குச் சேர்க்கறோம், எது மாறும், யாரு கேட்டாங்க... எல்லாம் இருக்கணும்னீங்க. இருக்குதா, இல்லையா?”

“அதுக்காக வண்டி வண்டியா எழுதுவியா?”

“நாலு வரி சார்!”

“நாலே ஜாஸ்தி! நாளைக்கு பௌர்ணமி. கிரிவலம் வர்ற ஜனம் பூரா நம்ம ஆப்லதான் ரூம் போடும். அப்டேட் கூடவே இந்த மெசேஜும் எல்லா லாட்ஜ் ஓனருக்கும் போவும். அழிச்சிட்டு ‘மெர்ஜ்’னு ஒரே வார்த்தை போடு.”

“சேர்க்கச் சொன்னீங்க, சேர்த்தேன். எழுதச் சொன்னீங்க, எழுதினேன். அதுல எது தப்புன்னு சொல்லுங்க, அழிக்கறேன்.”

சகாதேவன் மற்ற சீட்டுகளை ஒருமுறை நோட்டம் விட்டார்.

பக்கத்து சீட் எழில் கிசுகிசுத்தான். “ஒரு வார்த்தைதானே, போட்டுட்டுப் போயேன். இந்த வேலை போச்சுன்னா சென்னைக்குத்தான் ஓடணும். படுத்துக் கிடக்கிற உங்கப்பாவை யாரு பார்ப்பாங்க?”

“நீ சும்மா இரு எழில்! மாத்த மாட்டேன்.”

“அப்ப வெளிய போ!” மேஜையில் ஓங்கி அறைந்தார் சகாதேவன். “இப்பவே!”

“போறேன்.”

டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

“திமிரு! உடம்பு பூரா திமிரு! எழில், நீ உக்காந்து மாத்துடா. சீக்கிரம்!”

எழில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாலு வரியை முதல் தடவையாகப் படித்தான்.

‘எதற்கு: பௌர்ணமி அன்று சகாதேவன் சார் மச்சானின் அடி அண்ணாமலை லாட்ஜை நிரப்ப.
எது மாறும்: மற்ற லாட்ஜ்களில் அறை காலியாக இருந்தாலும் ‘ரூம் இல்லை’ என்று காட்டும்.
கேட்டவர்: சகாதேவன் சார்.
சேர்த்தவள்: ஆர்த்தி.’

ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், எழில் ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினான்.