ஒன்பது இருபது

பிரெண்டன் முப்பதாவது தடவையாகக் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தான். அளவுப் பலகையில் நீட்டிப் படுத்திருந்தது கொடுவா மீன். தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். செதில்களில் பொன் வெயில். பக்கத்தில், போட்டி மீன் என்பதற்கு அடையாளமாக நேற்று மாலைக் கூட்டத்தில் கொடுத்த மஞ்சள் அட்டை. மூலையில் நேரம் 9.20.

மீன்பிடிப் போட்டி காலை பதினோரு மணிக்கு முடியும். ஃபிட்ஸ்ராய் ஆற்றில் கடைசிக் கயாக் படகுகள் கரையை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. பிரெண்டன் தூண்டிலில் மாட்டும் தன் பொய் மீன்களை டப்பாவில் நிறம் பார்த்து அடுக்கினான், கலைத்தான், திரும்ப அடுக்கினான். பிறகு எழுந்து நடந்தான்.

"உக்காருடா. நீ நடக்கிற நடையில முதலை முழிச்சுக்கப் போவுது" என்றாள் மீன்பிடிக் கழகத் தலைவி லொரேன்.

அவனால் முடியவில்லை. நான்கு வருடமாக இரண்டாம் இடம். இன்று ஜெயித்தால் டார்வின் நகரில் இறுதிப் போட்டி. தோற்றால் ராக்ஹாம்ப்டன் ஊர் முழுக்க ஐந்தாவது வருடமும் அவனை 'ரெண்டாவது' என்றுதான் கூப்பிடும்.

கடைசியாக வந்தவன் மரே. கயாக்கைக்கூடச் சரியாக இழுத்துப் போடாமல் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து அதன் மேல் உட்கார்ந்தான். பிடித்த மீனைப் படமெடுத்துவிட்டு ஆற்றிலேயே விடவேண்டிய போட்டி இது.

"பெட்டியில என்னடா, பியரா? எனக்கும் ஒண்ணு குடு" என்றான் பிரெண்டன்.

மரே சிரிக்கவில்லை. கைப்பேசியை லொரேனிடம் நீட்டினான். "இந்த மீனைப் பத்தி ஒண்ணு சொல்லணும் லொரேன்..."

லொரேன் எங்கே சொல்ல விட்டாள்? "தொண்ணூத்து நாலு! ரெண்டு பேருக்கும் ஒரே அளவு!" என்று கத்தியவள், இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். "இருங்க, இருங்க. வால்ல இந்த அரைவட்ட வெட்டு ரெண்டுலயும் இருக்கே. இது ஒரே மீனு!"

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மரேயின் படத்தில் நேரம் 7.10.

"இதுல என்ன அதிசயம்?" என்றான் அவசரமாக. "அவன் ஏழு மணிக்குப் புடிச்சு விட்டான். ஒம்பது இருபதுக்கு என்கிட்ட வந்துச்சு. உதட்டுல புதுசா கொக்கிக் காயம்கூட இருந்துச்சே!"

"ரெண்டு மணி நேரத்துல மறுபடியும் பொய் மீனைக் கடிக்குமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பசிச்சா கடிக்காதா? விடும்போது வாலைச் சுழட்டி என் மூஞ்சியில தண்ணி அடிச்சுட்டுல்ல போச்சு! நனைஞ்ச சட்டை இப்பத்தான் காஞ்சுது."

கூட்டம் சிரித்தது. மரே "லொரேன்..." என்று ஆரம்பித்தது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

"அளவு சமமா இருந்தா அவங்கவங்க புடிச்ச ரெண்டாவது பெரிய மீனைத்தான் பாக்கணும்" என்றாள் லொரேன். "அதுல பிரெண்டனோடதுதான் பெருசு. டார்வினுக்குப் பொட்டியக் கட்டுடா!"

நாலைந்து பேர் முதுகில் தட்டினார்கள். தட்டு வாங்கிக்கொண்டே நின்ற பிரெண்டனுக்கு அப்போதும் கால் தரையில் பாவவில்லை.

மரே எழுந்தான். "நான் சொல்ல வந்ததை ஒருத்தரும் கேக்கலையே" என்று ஐஸ் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே, பனிக்கட்டிகளுக்கு நடுவே, ஒரு கொடுவா மடங்கிக் கிடந்தது. வாலில் அரைவட்ட வெட்டு.

"கொக்கி செவுள் வரைக்கும் போயிடுச்சு லொரேன். ரத்தம் கொட்டி, ஏழரைக்கெல்லாம் என் மடியிலயே செத்துப்போச்சு. அதுக்கு அபராதம் போடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

பிறகு பிரெண்டன் பக்கம் திரும்பினான்.

"ஆமா, உன் படத்துல இருக்கிறது நேத்து சாயங்கால வெயில் மாதிரில்ல இருக்கு. ஒம்பது இருபதுக்கு உன் மூஞ்சியில தண்ணி அடிச்சது யாருடா?"